கடல்மட்டத்துக்குச் செய்த அடுப்பு

எல் ஆல்டோ. ஜூலை.
வாளித் தண்ணீர் மேலே ஓடு கட்டிக் கிடக்கும் காலை.
லிமாச்சி வீட்டு மூன்றாம் மாடிக்குக்
கருவிப் பெட்டியோடு ஏறி
முதலில் என் மூச்சைத் தேடிக்கொண்டேன்.

"வெந்நீர் வருகிறது, அதில் குறையில்லை" என்றார் தெமெத்ரியோ.
"தீ மட்டும் கொஞ்சம் மஞ்சள்.
ஒரு திருகு திருகிவிடுங்கள், ரூஃபினா. போதும்."
பிறகு, போகிற போக்கில்:
சனிக்கிழமை குளித்தால் எல்லோருக்கும் தலைவலி.
சின்னவள் நய்ரா போன வாரம்
துண்டைச் சுற்றியபடியே தரையில் தூங்கிப்போனாள்.
"பள்ளிக்கூடக் களைப்பு."

நான் கேஸ் குழாயை மூடினேன்.

மஞ்சள் அழகுதான். சோளத்துக்கு அழகு,
சந்தையில் தொங்கும் பாவாடைக்கு அழகு.
ஹீட்டரின் விரலளவுக் கண்ணாடிக்குள்
அது பசியின் நிறம்.
காற்று போதாத தீ
பாதி தின்று பாதி துப்புகிறது.
துப்பியதற்கு நிறமில்லை, வாசமில்லை.
திருடனுக்காவது காலடி உண்டு.

மூடியைக் கழற்றினேன். செம்பு இதழ்களுக்கிடையே
விரல் தடிமனுக்குக் கரி.
அடியில் ஒரு தகடு: கடல்மட்டத்துக்கு உகந்தது.
இதைச் செய்த ஊரில் காற்று கெட்டிப் பால்.
இங்கே நாம் குடிப்பது
தண்ணீர் விட்டு நீட்டியது.
கேஸ் மட்டும் அதே அளவில் கொட்டினால்
தீ என்ன செய்யும், பாவம்.

பழைய முனைகளைக் கழற்றி
மலைக்கென்று கண் சிறுத்த முனைகளைப் பூட்டினேன்.
புகைக்குழாயில் கையை விட்டால்
ஒரு சிறகு, வைக்கோல், புறாவின் பாதி வீடு.
வாளி நிறைய எடுத்தேன்.
ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி
குமிழி வருகிறதா என்று
குந்தியபடி காத்திருந்தேன்.
வரவில்லை.

பற்றவைத்தேன்.
காற்று மடலைக் கால் சுற்று திறந்தேன். மஞ்சள்.
இன்னும் கால் சுற்று. நுனியில் மட்டும் மஞ்சள்.
இன்னும் கொஞ்சம். தீ சீறி
பர்னரை விட்டு எழும்பிப் பறக்கப் பார்த்தது.
அதிகமும் ஆகாது அதற்கு.
மயிரிழை பின்னால் வந்தேன்.
உட்கார்ந்தது.
நீலம். உள்ளே இன்னொரு நீலம்.
பேசாமல் வேலை பார்க்கும் நீலம்.

"முடிந்ததா?"
கண்ணை நம்புகிற வேலை இல்லை இது.
புகைக்குழாயில் மீட்டரின் மூக்கை நுழைத்தேன்.
காலையில் எண்ணூற்றுப் பன்னிரண்டு. இப்போது நாற்பத்தொன்று.
ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். கதவையும்.
ஐந்து நிமிடம் பொறுத்து
அறுபது. தொண்ணூறு. நூற்று முப்பது.
நீலத்தின் ஓரத்தில்
மறுபடி ஒரு மஞ்சள் நாக்கு.

அணைத்துவிட்டுச் சுவரைத் தடவினேன்.
கால்பந்து அணியின் காலண்டருக்குப் பின்னே
காற்றுத் துளை,
நாளிதழும் கோதுமைப் பசையும் வைத்து
அடைத்த அடை.
"குளிர் உள்ளே வருகிறதே" என்றார்.
"குளிர்தான் வருகிறது" என்றேன்,
"வந்துவிட்டுத் திரும்பிப் போகும்."
கத்தியால் கிழித்தேன்.
அறைக்குள் ஊசி போல மலைக்காற்று.
மறுபடி பற்றவைத்துச் சாத்திக் காத்திருந்தோம்.
முப்பத்தெட்டில் நின்றது எண்.
அறையில் பிடித்தால் பூஜ்யம்.
நய்ரா எட்டிப் பார்த்து
"சைபருக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டாள்.

தேதியோடு எண்ணைத் தகட்டின் மேல்
பென்சிலில் எழுதிவிட்டுக் கீழே இறங்கினேன்.
தெருவில் மினிபஸ் நின்று கத்திக்கொண்டிருந்தது.
கால் வைக்கும்போது ஏனோ மேலே பார்த்தேன்.

துளையருகே ஒரு கை.
கையில் ஒரு துணி.
உலர்த்தவோ, அடைக்கவோ.
இங்கிருந்து தெரியவில்லை.

பஸ்ஸைப் போகவிட்டேன்.
ஐம்பத்திரண்டு படி.
பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு
வாயால் மூச்சு வாங்கியபடி
திரும்ப ஏறுகிறேன்.